ஓகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்பு: மீனும் நண்டும் சாப்பிட எந்த வாரம் வரலாம், எங்கே தங்கலாம்?

பதுளை_பவா

எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் குடும்பமாக மட்டக்களப்புக்கு வர யோசித்திருக்கிறோம். அப்பா, அம்மா, நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகள், என் தம்பி. சொந்த வான் இருக்கிறது. நான்கு இரவு தங்கலாம்.

கோயில், கோட்டை எல்லாம் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் வருகிற காரணம் சாப்பாடு. எங்கள் பக்கம் கடல் மீன் லொறியில் மலையேறி வந்து, ஐஸ் கரைந்த பிறகுதான் சட்டிக்குப் போகும். அப்பா வேலையில் இருந்த காலம் முழுக்கக் கருவாடும் டின் மீனும்தான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வாவி நண்டை அந்த வாவிக்கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நச்சரிக்கிறார்.

கேட்க வேண்டியவை: பாசிக்குடாவில் தங்குவதா, நகரத்திலா? எந்த வாரம் நல்லது? மீனுக்கும் நண்டுக்கும் பெயர் போன கடை எது? அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி. தம்பிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அப்புறம், மீன் பாடுகிறது என்கிறார்களே, அதை உண்மையிலேயே கேட்கலாமா, இல்லை சுற்றுலா வருகிறவர்களைப் பிடிக்கும் கதையா?

கல்லடியான்

வாருங்கள் தம்பி. பாட்டுக் கேள்வியை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், நான் கடைக்கு வருகிறேன்.

வெளியூரில் இருந்து வருகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இந்த ஊரின் நல்ல மீன் கடையில் இல்லை, வீட்டுச் சட்டியில் இருக்கிறது. இரவில் நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், எங்கே திரும்பினாலும் கொத்து, ஃப்ரைட் ரைஸ், டெவல். பட்டியலில் கடலுணவு என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் பாதி 'இன்றைக்கு இல்லை', மீதி பெட்டிக்குள் உறைந்து கிடந்தது. மத்தியானச் சோற்றுக் கடைகள் பரவாயில்லை, அன்று வந்த மீனைத்தான் ஆக்குவார்கள். ஆனால் அங்கே ஒரு துண்டு மீனும் ஒரு கரண்டி ஆணமும் (குழம்பு) தான் கிடைக்கும், அப்பா ஆசைப்படுகிற சாப்பாடு அது இல்லை.

ஏன் இப்படி என்றால், எங்கள் ஆட்கள் காசு கொடுத்து மீன் கறி சாப்பிடக் கடைக்குப் போவதில்லை. அது வீட்டில் தினமும் இருக்கிறது. கடைக்குப் போவது இறைச்சிக்கும் கொத்துக்கும். கேட்பார் இல்லாததைக் கடைக்காரர் ஏன் சமைத்து வைக்க வேண்டும்?

ஆகவே தங்கும் இடத்தைச் சமையலை வைத்துத் தெரிவு செய்யுங்கள். கல்லடிப் பக்கமும் வாவிக்கரையிலும் வீட்டோடு சேர்ந்த விடுதிகள் பல உண்டு. முற்பணம் கொடுக்க முதல் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் நாள் இரவு சொன்னால் காலையில் வாங்கி மத்தியானத்துக்கு ஆக்கித் தருவீர்களா? நாங்களே வாங்கி வந்தால் ஆக்கித் தருவீர்களா, கூலி எவ்வளவு? இரண்டுக்கும் ஓம் என்றால் அதுதான் உங்கள் இடம். ஏசி, நீச்சல் குளம் எல்லாம் அதற்குப் பிறகு.

தோணிக்காரர்_மகள்

கல்லடியான் அண்ணன் சொன்னதற்கு மேல் கடை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த வாரம் என்ற கேள்வியை நான் எடுக்கிறேன். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் கலண்டரில் சனி, ஞாயிறு பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் பிறை பார்ப்போம்.

மாதம் சரி. நவம்பரில் இருந்து ஜனவரி வரை இங்கே வாடைக் காலம். மழை, வெள்ளம், கடல் கொந்தளிப்பு. சின்னப் படகுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். ஓகஸ்டில் கச்சான். அது தரையில் இருந்து கடலுக்கு வீசுகிற சூட்டுக் காற்று. பகலில் ஆளை வாட்டி எடுக்கும், ஆனால் விடியற்காலையில் கடல் அலையடங்கிக் கிடக்கும். மேற்குக் கரையில் கடல் குழம்பும் மாதங்கள் அவை என்பதால் அங்கிருந்தும் மீனவர்கள் வந்து கிழக்கில் வாடி (கரையோரக் குடிசை) போட்டுத் தொழில் செய்வார்கள். ஆகவே மாதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பார்க்க வேண்டியது நிலவு. நிலாக் காலத்தில் வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பார் அப்பா. கணவாய்க்கும் இருட்டு வேண்டும், விளக்கைக் காட்டித்தான் அதைக் கூட்டுவது. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் தொழிலுக்குப் போகிறவர்களே குறைவு. வலை பொத்துவது, எஞ்சின் கழற்றுவது எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். சந்தையில் மீன் குறையும், விலை ஏறும், ஐஸ் பெட்டி மீன் முன்னுக்கு வரும். நண்டும் அப்படித்தான். நிலவு நண்டு கோது, இருட்டு நண்டு சதை.

ஆனால் பாட்டுக் கேட்க நிலவு வேண்டும் என்பார்கள். நல்ல சாப்பாட்டையும் பாட்டையும் ஒரே இரவில் பிடிக்க முடியாது. நான் என்றால் வளர்பிறை எட்டாம் பிறையை ஒட்டி வருவேன். முன்னிரவில் வாவியில் நிலவு இருக்கும். நடுச்சாமத்தில் அது சாய்ந்துவிட்டால் விடியும்வரை இருட்டு, வலைக்கு அது போதும்.

யாழ்_தவம்

நிலவில் நண்டு மெலியும், இருட்டில் கொழுக்கும் என்பது கிழவிகள் கதை. நண்டு என்ன பஞ்சாங்கம் பார்த்தா சாப்பிடுகிறது? அது சரி, நண்டுக்கு ஏன் மட்டக்களப்புக்குப் போக வேண்டும்? எங்கள் தீவகத்துக் கடல் நண்டைச் சாப்பிட்டவன் சேற்று நண்டைத் தொடமாட்டான். அதில் பாதி நிறை ஓடு.

கல்லடியான்

தவம், இழையின் தலைப்பைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு வழி கேட்டு இங்கே ஒருவரும் வரவில்லை.

தோணிக்காரர்_மகள்

தவம் அண்ணன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. நண்டு மெலிவதற்கு உறுதியான காரணம் ஓடு கழற்றுவது. பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய புது ஓட்டுக்குள் இருக்கும்போது உள்ளே சதை குறைவு, தண்ணீர்தான் நிற்கும். அதை அவித்தால் காலுக்குள் நீர். அந்த நண்டுகள் எந்தப் பிறையில் கூடுதலாக அகப்படும் என்பதில்தான் வாக்குவாதம். கரையில் எல்லாரும் நிலவு நண்டு வேண்டாம் என்பார்கள், நானும் வாங்கமாட்டேன். நீங்கள் நம்பாவிட்டால் விரலை நம்புங்கள். அடிப்பக்கம், கடைசிக் காலடியில் ஓட்டை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் வைத்துவிடுங்கள். கல்லாக இருந்தால் எடுங்கள். பார்க்கப் பளபளவென்று புதிதாக இருக்கிற நண்டை விட, முதுகில் பாசியும் கீறலும் உள்ள பழைய ஓட்டு நண்டுதான் நல்லது. கையில் தூக்கினால் அளவுக்கு மேல் பாரம் தெரிய வேண்டும்.

பவா அண்ணன் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருங்கள். வாவியின் பெரிய நண்டு உள்ளூர்ச் சந்தைக்கு வருவதே குறைவு. விடியற்காலையில் தோணி கரை தட்டும்போதே நண்டு எடுக்கிறவர்கள் நிற்பார்கள். கால் கட்டி, ஈரச் சாக்கில் போட்டு, கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போகும். சிங்கப்பூரில் இலங்கை நண்டு என்று தனிப் பெயரே இருக்கிறது. சந்தையில் மிஞ்சுவது நடுத்தரமும் சின்னதும்தான். பெரிய நண்டு வேண்டுமென்றால் விடுதிக்காரரிடம் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லி வையுங்கள். அவருக்குத் தெரிந்த தோணிக்காரர் யாராவது இருப்பார்.

வயிற்றின் வெளியே முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிற நண்டை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சிங்க இறால் என்றால் முட்டையோடு பிடிப்பதே சட்டப்படி குற்றம்.

வாழைச்சேனை_குமார்

பாசிக்குடா பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் பாசிக்குடாதான். அந்த வளைகுடாவில் கடலுக்குள் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான், அலையும் குறைவு. கல்லடிக் கடல் அப்படியில்லை. அது திறந்த கடல், கால் வைக்கிற இடத்தில் நிலம் இறங்கிவிடும், இழுவையும் உண்டு. அங்கே பிள்ளைகளை நனைய மட்டும் விடுங்கள், குளிக்க விடாதீர்கள். வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகமே இருக்கிறது. பல நாள் படகு வந்து இறங்குகிற இடம், சூரையும் அறக்குளாவும் அங்கேதான்.

கல்லடியான்

பல நாள் படகு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் குமார். அந்த மீன் எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ. கரைக்கு அன்றன்றே வருகிற சின்னப் படகு மீனுக்கும் அதற்கும் நாக்கில் வித்தியாசம் தெரியும். பாசிக்குடா பெரிய ஹோட்டல்களில் இரவு பஃபே வைப்பார்கள். அதில் மீன் இருக்கும், உறைப்பு இருக்காது. குளிக்கப் போங்கள், தங்காதீர்கள். நகரத்தில் இருந்து 35 கிலோமீற்றர்தானே, காலையில் போய் மத்தியானத்துக்கு முன் திரும்பலாம்.

வாழைச்சேனை_குமார்

ஐஸ் ஒழுங்காகப் போட்டால் பல நாள் மீனும் நல்ல மீன்தான். ஆனால் ஹோட்டல் சாப்பாடு பற்றி உங்களோடு நான் சண்டை பிடிக்கமாட்டேன். கும்புறுமூலைப் பக்கமாக வந்தால் வழியிலேயே மீன் விற்பார்கள், வரும்போது பாருங்கள்.

தாதி_வசந்தி

தம்பியாரின் ஒவ்வாமை பற்றி எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இறால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு நண்டும் சிங்க இறாலும் ஒத்துக்கொள்ளாது. ஓடுள்ள இந்த இனங்களில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் இதுவரை நண்டு சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையா, இல்லை சாப்பிட்டதே இல்லையா என்று கேளுங்கள். சாப்பிட்டதே இல்லை என்றால் விடுமுறையில், ஊர் தெரியாத இடத்தில், பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். கணவாயும் சிலருக்குக் கரைச்சல் கொடுக்கும். செதிள் மீன் வேறு, அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் இறால் கண்ணுக்குத் தெரியாமலே சாப்பாட்டில் இருக்கும். கூனி என்று சின்னஞ்சிறு காய்ந்த இறால். அதைச் சம்பலில் இடிப்பார்கள், மரக்கறிச் சுண்டலில் தூவுவார்கள். 'இறால் போட்டதா' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள், அவர்கள் கணக்கில் அது இறால் இல்லை. 'கூனி போட்டதா' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொரித்த எண்ணெய் அடுத்தது. இறால் வடை பொரித்த அதே தாச்சியில்தான் மீனும் பொரியும். வீட்டுச் சமையல் விடுதி என்றால் அவருக்குத் தனியாகப் பொரிக்கச் சொல்லலாம், கடையில் அதைச் சொல்லிப் பயனில்லை. கல்லடியான் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

அவர் பாவிக்கிற மாத்திரை கையோடு இருக்கட்டும். முன்பு எப்போதாவது மூச்சு முட்டியிருந்தால், வர முன் உங்கள் டொக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு வாருங்கள். இங்கே வந்த பிறகு உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், மாத்திரை போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். அது நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

பேத்தை மீனைப் பற்றியும் ஒரு வரி. பிள்ளைகள் தூண்டில் போட்டு, பந்தாக ஊதுகிற மீன் ஒன்று அகப்பட்டால் விளையாடிவிட்டு விட்டுவிடட்டும். அது நஞ்சு, ஆக்கினாலும் போகாது.

பதுளை_பவா

வசந்தி அக்கா, மிக்க நன்றி. தம்பி நண்டு தொட்டதே இல்லை. கூனி பற்றி எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவனுக்கு மீன் மட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கிறான்.

கலண்டரைப் பார்த்தேன். விடுமுறை தொடங்குகிற வாரத்தில்தான் ஆடி அமாவாசை வருகிறது. இருட்டு என்றால் நல்லதுதானே, அந்த வாரமே வந்துவிடலாமா?

மாமாங்கத்து_ரதி

ஐயோ, வேண்டாம். அல்லது சாமி கும்பிட வாருங்கள், நண்டு சாப்பிட வராதீர்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். கோயில் குளத்தில் ஆடத் தூரத்து ஊர்களில் இருந்தெல்லாம் சனம் வரும். தந்தை இறந்தவர்கள் விரதம் இருக்கிற நாள் அது. கொடியேறியதில் இருந்து தீர்த்தம் வரை எங்கள் தெருவில் பல வீடுகளில் மீன் சட்டி இறங்காது. விடுதி கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் அந்த வீட்டுக்காரர் உங்களுக்காக நண்டு உடைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். தீர்த்தம் முடிந்து ஒரு வாரம் விட்டு வாருங்கள்.

தோணிக்காரர்_மகள்

ரதி அக்கா கணக்கும் என் கணக்கும் ஒன்றாகவே வருகிறது. அமாவாசைக்கு ஒரு வாரம் கழித்தால் எட்டாம் பிறை. பௌர்ணமிக்குப் போயா லீவு. அதோடு சனி, ஞாயிறும் ஒட்டிக்கொண்டால் கொழும்புச் சனம் முழுக்கப் பாசிக்குடாவில் நிற்கும். அதற்கு முன் நீங்கள் ஊர் திரும்பிவிட வேண்டும்.

பேரீச்சமரத்தடி

காத்தான்குடியில் இருந்து எழுதுகிறேன். அம்மாவின் வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு யோசனை. அன்று மத்தியானம் எங்கள் பக்கம் சாப்பாட்டுக்கு வராதீர்கள், ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருக்கும். வெள்ளி காலையில் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். முன்பெல்லாம் மண்முனையில் வாவியைப் பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவையில்) கடக்கக் காத்துக் கிடக்க வேண்டும். 2014இல் பாலம் வந்த பிறகு வான் நேராகப் போகும். திரும்பி வரும்போது மாலையில் எங்கள் ஊருக்குள் இறங்குங்கள். நடு வீதியில் வரிசையாகப் பேரீச்ச மரம் நிற்கும், பிள்ளைகள் படம் எடுக்கலாம். அம்மாவுக்கு வட்டிலப்பம் ஒத்துவருமா தெரியவில்லை, முட்டை இருக்கிறது. எருமைத் தயிரும் பாணியும் எந்தக் கடையிலும் கிடைக்கும், அதை யாரும் வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

கொத்து வேண்டுமென்றால் இரவு எங்கள் ஊரில்தான். இதற்கு ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள்.

கல்லடியான்

ஆட்சேபம் இல்லை. மனம் ஒப்பித்தான் சொல்கிறேன்.

பழைய_பாலத்தடி

மீன் பாடுவது பற்றி. கதை இல்லை தம்பி, ஆனால் கச்சேரியும் இல்லை. சத்தம் வாவிக்குள் இருந்து வருகிறது, மிக மெல்லியது. இலங்கையில் ஆங்கிலேய அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கே வந்து இரவில் படகில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஒரே நீண்ட ஒலி அல்ல, தனித்தனியாகப் பல சின்ன ஒலிகள், ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற மாதிரி என்பது அவர் தந்த வருணனை. மீனா, ஊரியா (நத்தை போன்ற சிப்பி) என்ற சண்டை அப்போதே இருந்தது. அவர் ஊரியின் பக்கம் சாய்ந்தார். ஊர் மீன் பக்கம்தான் நிற்கிறது, மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை.

ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை, மழையில்லாத காலத்தில், நிலவு இரவுகளில் கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் கேட்கலாம் என்பது வழக்கம். தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மற்ற முனையைக் காதோடு வைக்க வேண்டும். பாலத்தின் மேல் நின்றுகொண்டு கேட்கவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். எத்தனையோ வாகனம் ஓடுகிற இடத்தில் எப்படிக் கேட்கும்? 10 மணிக்கு முன் போவது வீண். இரவில் இறங்குவதென்றால் மிதவைச் சட்டை இல்லாத தோணியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். வாவியில் முதலை உண்டு, கரையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பதும் வேண்டாம்.

கேட்காமல் போனாலும் அந்தப் பாலத்தில் நடந்து பாருங்கள். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், அந்தக் காலத்து ஆளுநர் மனிங்கின் மனைவி பெயர் வைத்தது. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வரும்வரை ஒற்றைத் தடத்தில் அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை என்று பஸ் விட்ட பாலம். இப்போது அங்கே நின்று தூண்டில் போடலாம்.

யாழ்_தவம்

நான் கேட்டிருக்கிறேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். தவளை என்று நினைத்தேன், தவளை இல்லை.

கல்முனை_நிஸ்வா

நான்கு நாளும் நகரத்திலேயே கிடக்காதீர்கள், ஒரு காலை தெற்கே வாருங்கள். கல்முனை 40 கிலோமீற்றர்தான். விடியற்காலையில் சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். வலையின் இரண்டு நுனியையும் கரையில் நின்று இரண்டு அணியாக இழுப்பார்கள், மடி கரை ஏறும்போது கீரியும் பாரைக் குஞ்சும் துள்ளும். அங்கேயே கூறு போட்டு விற்பார்கள். கூறு வாங்கினால் நிறை பார்ப்பதில்லை, கண்ணால் பார்த்துப் பேரம். கீரி மீனைப் பொரித்துச் சாப்பிட்டால் அறக்குளாவின் விலையை நினைத்துச் சிரிப்பு வரும். பெரிய மீன்தான் நல்ல மீன் என்ற எண்ணம் மலை நாட்டுக்காரருக்கு மட்டும் இல்லை, கொழும்புக்காரருக்கும் உண்டு.

வரும் வழியில் மருதமுனையில் கைத்தறிச் சாரம் எடுக்கலாம். காரைதீவு விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். அவருடைய சமாதி கல்லடியில், சிவானந்தா வித்தியாலயத்து வளவில் இருக்கிறது.

பதுளை_பவா

அறுகம்பைக்கும் அப்படியே போய்விடலாமா? தம்பிக்கு அலைச்சறுக்கு பார்க்க ஆசை.

கல்முனை_நிஸ்வா

அறுகம்பை பொத்துவிலோடு சேர்ந்த இடம், மட்டக்களப்பில் இருந்து பொத்துவிலுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாளில் போய் வந்தால் வானுக்குள்தான் விடுமுறை. அது தனிப் பயணம். ஓகஸ்ட் அங்கே அலைச்சறுக்குக்காரர் நிறைந்த காலம், சாப்பாட்டு விலையும் அவர்கள் கணக்கில்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, இந்தக் கரையில் ஒரு கடற்கரைக் கடையில் ஐஸ் மேல் அடுக்கியிருந்த நண்டைக் கையால் காட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அட்டையில் போட்டிருந்த விலை 100 கிராமுக்கு என்று பில் வந்த பிறகுதான் தெரிந்தது. சாப்பிட்டது போதும் போதும் என்றாகிவிட்டது. எடுக்க முதல் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஆக்குகூலி அதற்குள்ளா வெளியேயா என்று கேளுங்கள். கூச்சப்படுகிற இடம் இது இல்லை.

கல்லடியான்

பதுளையில் இருந்து பாதை கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஏ5 வீதியில் பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு வந்து இறங்குங்கள். நாட்டுக்குள் சுற்றி வரத் தேவையில்லை. மகா ஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அம்மா, அப்பா இறங்கிக் கால் ஆறலாம். பொழுது பட முன் அந்தக் காட்டு வழியைத் தாண்டிவிடுங்கள், யானை. கொழும்பில் இருந்து வருகிறவர்கள் இதை வாசித்தால், உங்களுக்கு உதயதேவி ரயில் இருக்கிறது, காலையில் புறப்பட்டால் பின்னேரம் மட்டக்களப்பு.

இனி நண்டு. விடுதிக்காரர் 'எப்படி ஆக்க' என்று கேட்பார். 'உங்கள் வீட்டுக்கு ஆக்குகிற மாதிரி' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெளியூர்க்காரர் என்று தக்காளி சோஸ் போட்டுவிடுவார்கள், அப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வறுத்த தூள், தேங்காயின் இரண்டாம் பாலில் கொதித்து, முதல் பால் கடைசியில், இறக்குகிற நேரம் ஒரு பிடி முருங்கை இலை. இலை வேகக் கூடாது, வாடினால் போதும். பக்கத்தில் புட்டு. நண்டு ஆணம் புட்டுக்குள் இறங்குகிற மாதிரி சோற்றுக்குள் இறங்காது.

யாழ்_தவம்

புட்டு என்பதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

தாதி_வசந்தி

அப்பாவுக்கு அழுத்தமோ சலரோகமோ இருந்தால் இரவில் நண்டு வேண்டாம், மத்தியானத்துக்கு வையுங்கள். தூக்கமும் வராது, மாத்திரை நேரமும் தவறும்.

பதுளை_பவா

சரி, எழுதிப் பார்த்தேன். எட்டாம் பிறையை ஒட்டி, புதன் வந்து ஞாயிறு திரும்புகிறோம். கல்லடியில் ஒரு வீட்டு விடுதியோடு பேசினேன். அந்த அம்மா இரண்டு கேள்விக்கும் ஓம் என்றார், கூனி என்று சொன்னதும் சிரித்துவிட்டு 'யார் மகனே சொல்லித் தந்தது' என்றார். தம்பிக்குத் தனித் தாச்சி.

வியாழன் காலை சந்தை, மத்தியானம் நண்டு, இரவு தோணி. வெள்ளி கொக்கட்டிச்சோலை, மாலை காத்தான்குடி, அன்று மரக்கறிதான், இரவு கொத்தை அம்மா தூங்கிய பிறகு பார்த்துக்கொள்கிறோம். சனி விடியக் கல்முனைக் கரை. பாசிக்குடாவை எங்கே செருகுவது என்றுதான் தெரியவில்லை. கோட்டையும் இருக்கிறது.

வாழைச்சேனை_குமார்

சனி கல்முனையில் கரைவலை பார்த்துவிட்டு, விடுதியில் மீனைக் கொடுத்துச் சாப்பிட்டு, பின்னேரம் பாசிக்குடா. வெயில் சாய்ந்த கடல்தான் பிள்ளைகளுக்கும் நல்லது. கோட்டைக்கு ஒரு மணித்தியாலம் போதும், புளியந்தீவில் சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வியாழன் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய் வாருங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள்.

கல்லடியான்

சந்தைக்கு 7 மணிக்கு முன் போங்கள். 9 மணிக்குப் போனால் மற்றவர்கள் விட்டுப் போனதுதான் கிடக்கும். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். தெரியாமல் இருக்கக்கூடியது, மீனை வெட்டித் துப்புரவாக்கத் தனி ஆள் இருப்பார், அவருக்குத் தனிக் காசு. வெட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், தலையைக் கேட்டு வாங்குங்கள். வாவி மீனில் செல்வனும் மணலையும் கண்டால் விடாதீர்கள்.

பதுளை_பவா

கடைசியாக ஒன்று. ஞாயிறு திரும்பும்போது கொஞ்சம் மீன் கொண்டுபோகலாமா? அப்பா கருவாடும் கேட்கிறார், இவ்வளவுக்கும் பிறகு.

தோணிக்காரர்_மகள்

மீன் என்றால் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்று வாங்குங்கள். குடலும் செவுளும் எடுத்த மீன், அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே ஐஸ், மூடியைச் சுற்றி டேப். தண்ணீர் வடிய மூலையில் ஓட்டை போடுங்கள், அல்லது செங்கலடி தாண்ட முன்னரே வான் நாறிவிடும். சூரை வேண்டாம். அது சூடு பட்டால் கெடுவது வெளியே தெரியாது, சாப்பிட்டால் முகம் சிவந்து அரிக்கும். பாரை, விளைமீன் தாங்கும்.

கருவாடு வாங்கும்போது மழமழவென்று ஈரமாக இருப்பதை எடுக்காதீர்கள். நிறைக்காகக் காயவிடாமல் விற்பது அது. விரலால் உடைத்துப் பாருங்கள், சதை நாராக வர வேண்டும். கடதாசியில் சுற்றி, அதற்கு மேல் துணிப் பை, கடைசியாகப் பொலித்தீன். அப்புறம் தம்பியாரின் உடுப்புப் பையில் வைக்காதீர்கள், நெத்தலிக் கருவாட்டுக்குள் கூனியும் கலந்து கிடக்கும்.